பாஞ்சாலி டீச்சரின் வலது கை

“எல்லாரும் வலது கையத் தூக்கு” என்று சொல்லிக்கொண்டே இடது கையைத் தூக்குகிறார் பாஞ்சாலி டீச்சர். எதிரே நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் வலது கையைத் தூக்குகிறார்கள். அவர் இடது காலை முன்னால் வைக்கிறார். அவர்கள் வலது காலை வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டி நின்று ஆடிக் காட்டுகிறவர், கண்ணாடிக்குள் இருப்பவரைப் போல மாற்றித்தான் ஆட வேண்டும் என்பது அவருடைய முறை. “முதுகக் காட்டிக்கினு ஆடுனா, பின்னாடி எவன் எவளக் கிள்றான்னு எனுக்கு எப்டி சார் தெரியும்?” என்பார்.

இப்படியே வருடக்கணக்கில் ஆடியதில், பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் அவருடைய வாய்க்கும் கைக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டது. வாய் வலது என்றால் கை இடது பக்கம் நீளும். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷா ஏறியவர், திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லிக் கடைசியில் ஐஸ் அவுஸ் பக்கம் போய் இறங்கினார். “இன்னாம்மா, வாய் ஒரு பக்கம் சொல்லுது, கை ஒரு பக்கம் காட்டுது, நான் எத்த நம்புறது?” என்று ரிக்‌ஷாக்காரர் சண்டைக்கு வந்தார். “நீ என் மூஞ்சியப் பாத்துக்கினு ஓட்டியிருக்கணும் நைனா” என்றார் டீச்சர், கொஞ்சமும் அசராமல்.

இந்தக் கைக் குழப்பத்தில் நானும் ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டவன். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரிப்போடு வேறு ஏதோ ஒன்றும் வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் தொடக்கப் பள்ளி. நான் ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர். மயிலாப்பூரிலிருந்து நடந்தே வருவேன். கணக்கு என்றால் எனக்கு உயிர். பிள்ளைகளுக்கு என்னவாக இருந்தது என்று கேட்கக் கூடாது. அறுபத்தேழில், என் வகுப்புக்குப் பக்கத்திலிருந்த மூன்றாம் வகுப்பில் பாஞ்சாலி டீச்சர் வந்து சேர்ந்தார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

குள்ளமான, பூசினாற்போன்ற உடம்பு. கைத்தறிப் புடவை, கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருப்பார். ஆட ஆரம்பித்தால் அந்த உடம்பு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். யாரிடமும் முறையாக நாட்டியம் படித்தவர் அல்ல. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கும்மியும் கோலாட்டமும் சொல்லிக் கொடுத்தார்களாம். மீதியெல்லாம் சொந்தச் சரக்கு. மிருதங்கமா, சலங்கையா, ஒன்றும் கிடையாது. காலியான சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஸ்கேலால் தட்டுவார். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த டப்பா ஆரம்பித்தால் என் பிள்ளைகளுக்குப் பின்னம் மறந்து போகும். காலால் பெஞ்சுக்கு அடியில் தாளம் போடுவார்கள்.

தட்டி வழியாக அவர் நாடகம் சொல்லிக் கொடுப்பது ஒரு சொல் விடாமல் என் காதில் விழும். ஒரு பையன் ராஜா வேஷத்துக்குக் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றான். “மொறைக்காதடா. மொறைக்கிறவன் போலீஸ்காரன். நீ ராஜா. ஒன் மூக்கு மேல ஒரு ஈ குந்திக்கினு கீது. அத்த ஓட்டுறதுக்கு ஆள் கீது. ஆள் வர்ற வரைக்கும் நீ சும்மா இருக்கணும். அத்தான் ராஜா” என்றார். நான் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தட்டி இடுக்கில் பார்த்தேன். அந்தப் பையன் ராஜாவாகவே நின்றுகொண்டிருந்தான்.

இன்னொரு நாள், அழ வேண்டிய ஒரு சிறுமி கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தும் அழுகை வரவில்லை. “நீ அழுவாத. அழுவாம இருக்கப் பாரு. எவ்ளோ முடியுமோ அவ்ளோ அடக்கு. பாக்குறவங்க அழுவட்டும், அவங்களுக்கு வேற வேல இன்னா கீது?” என்று தட்டிக்கு அப்பால் குரல் வந்தது.

நான் தலைமை ஆசிரியர் பஞ்சாட்சரத்திடம் புகார் கொண்டு போனேன். அவர் யார் மனமும் நோகாமல் ஏதாவது ஒன்று செய்கிறவர். யோசித்துவிட்டு, “அப்படின்னா நீங்களும் கூட இருந்து நாடகத்தைப் பாத்துக்குங்க சங்கரன் சார். உங்களுக்கும் பொழுதுபோன மாதிரி இருக்கும்” என்றார். புகார் சொல்லப் போனவன் உதவி ஆளாகத் திரும்பி வந்தேன். டீச்சர் டப்பாவையும் ஸ்கேலையும் என் கையில் கொடுத்தார். “சார் கணக்கு வாத்தியாரு. தாளம் தப்பாது” என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஒரு மாதத்தில் வீட்டிலும் என் விரல் சும்மா இருக்கவில்லை. “ஆத்துக்கு வந்துமா தாளம் போட்டுண்டு இருக்கணும்? சாப்பிடுங்கோ” என்று மனைவி தட்டைத் தள்ளி வைப்பாள்.

அவரிடம் எனக்கு முதலில் பிடிபடாத வழக்கம் ஒன்று உண்டு. அவருடைய நாடகத்தில் வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் வேஷம். வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களைத் தனித் தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிவப்பு மையில் வேஷத்தைக் குறிப்பார். ராஜா, மந்திரி தீர்ந்த பிறகு மரம், கிணறு, கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். மேடையில் ஆடி முடித்ததும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக். மற்றப் பள்ளிகளில் சிவப்பாய், மூக்கும் முழியுமாய், வீட்டில் பட்டுப்பாவாடை உள்ள பத்துப் பிள்ளைகளைப் பொறுக்குவார்கள். இவருக்கு அது ஆகாது. தாழ்ப்பாளாக வந்த பெண் தாழ்ப்பாளாகவே அரை மணி நேரம் விறைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபத்தொன்றாம் வருடம் அந்த வழக்கத்துக்கு ஆபத்து வந்தது. தியாகராய நகரில் ஒரு மன்றத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கான நாட்டிய நாடகப் போட்டி. முதல் பரிசு ஒரு பெரிய வெள்ளிக் கேடயம். எங்கள் பள்ளி அதுவரை எந்தக் கேடயத்தையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. தலைமை ஆசிரியர் ஆசைப்பட்டுவிட்டார். ஆனால் ஒரு விதி: மேடையில் எந்த நேரத்திலும் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு தலை கூடினாலும் பள்ளியைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர்.

“நல்லதா பதினஞ்சு பேரை எடுத்துக்குங்கம்மா” என்றார் பஞ்சாட்சரம். டீச்சர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சிவப்புப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தார். பதினைந்து பேர் எழுதினார். கடைசி மணி அடிப்பதற்குள் அது பத்தொன்பது ஆகியிருந்தது. மறுநாள் பார்த்தால் இருபத்தாறு. மூன்றாம் நாள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“மீதி இருவத்தெட்டு பேரோட அம்மாங்ககூடத் தான சார் காலைல நான் தண்ணி புடிக்க நிக்கிறேன்? அவங்க மூஞ்சிய எப்டிப் பாப்பேன்?” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “அது கூட இல்ல சார். ஒரு தபா நீ வேணாம்னு சொல்ட்டா, அப்பால அந்தப் புள்ள எதுக்குமே கை தூக்காது. நீங்க கணக்குக் கேப்பீங்க, அதுக்கு பதில் தெரியும், ஆனா தூக்காது” என்றார். அப்படிக் கை தூக்காத பிள்ளைகள் என் வகுப்பில் பத்துப் பேராவது இருந்தார்கள். மக்கு என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். எனக்குச் சுருக்கென்றது.

தண்ணீர் பிடிக்க நிற்கும் வரிசை என்று அவர் வாயிலேயே வந்ததுதான் நாடகமாயிற்று. தெருக் குழாயடி. ஒரு பக்கத்திலிருந்து பிள்ளைகள் குடத்தோடு வருவார்கள். வரிசையில் ஆடிக்கொண்டே நகர்வார்கள். சண்டை போடுவார்கள், வம்பு பேசுவார்கள், பாடுவார்கள். தண்ணீர் பிடித்தவர் மறு பக்கம் போய்விடுவார். ஒருவர் வெளியே போனால்தான் இன்னொருவர் உள்ளே வருவார். மேடையில் எப்போதும் பதினைந்து பேர். ஆனால் நாற்பத்து மூன்று பேரும் வந்து போய்விடுவார்கள். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவன் நான் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

நாகராஜ் என்ற பையன்தான் குழாய். “குழா சும்மா நிக்காது. மொதல்ல உஸ்ஸுனு காத்து வுடும். அப்பால ரெண்டு தபா தும்மும். அப்பாலதான் தண்ணி” என்று அவனுக்குப் பாடம். வரிசையில் முதல் ஆள் புஷ்பம், வாய் ஓயாத பெண். கடைசி ஆள் மீனாட்சி, வாயே திறக்காதவள். அவள் குடத்தை வைக்கும்போது தண்ணீர் நின்றுவிடும். அவள் குழாயைப் பார்ப்பாள், குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, “நாளிக்கு நாந்தான் மொதல்ல” என்பாள். அதோடு நாடகம் முடியும். நாற்பத்து மூன்றாவது பெயர் மேடைக்கு வராவிட்டால் நாடகத்துக்கு முடிவே கிடையாது. அப்படி அமைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் நானும் டீச்சரும் மன்றத்தைப் பார்த்துவரப் போனோம். மேடையைக் கவனித்துக்கொள்பவர் இனாயத் பாய் என்ற வயதானவர். “பசங்க எந்தப் பக்கமா வருதும்மா? ஒரு பக்க வழியத்தான் உங்களுக்குத் திறந்து விட முடியும். இன்னொரு பக்கத்துல அடுத்த இஸ்கூல் சாமான் வெக்கணும்” என்றார். பிள்ளைகள் வருவது இடது பக்கம், அங்கே வழியில் சாமான் இருந்தாலும் முன்பே போய் ஒதுங்கி நிற்க இடம் நிறைய இருந்தது; வெளியே போகிற பக்கம்தான் முக்கியம், அதைத்தான் திறந்து வைக்க வேண்டும். டீச்சர் மேடையில் ஏறி, பிள்ளைகள் நிற்பதுபோலவே நாற்காலிகளைப் பார்த்து நின்றார். “புள்ளைங்க வலது பக்கமா வெளிய போவும் பாய். அத்தத் தொறந்து வெச்சுடுங்க” என்று இடது கையை நீட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அரங்கத்தில் எத்தனை நாற்காலி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நாற்பத்து மூன்று பிள்ளைகளும் வீட்டிலிருந்து கொண்டு வந்த குடங்களோடு தியாகராய நகருக்கு நடந்தார்கள். பித்தளை, அலுமினியம், மண், வாய் உடைந்தது, ஈயம் பூசியது, எல்லாம் இருந்தது. தேனாம்பேட்டை தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள் இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். “எங்கம்மா தண்ணி வுடறான்?” என்று கேட்டார்கள். போட்டி என்று சொன்னதும், “பேஜாரு” என்று திரும்பிப் போனார்கள்.

எங்கள் முறை வந்தது. டீச்சர் வழக்கம்போல மேடைக்குக் கீழே, முதல் வரிசை நாற்காலிகளுக்கு முன்னால், யாருக்கும் தலை தெரியாமல் குந்தினார். நான் சுவரோரம் டப்பாவோடு. திரை விலகியது. நாகராஜ் உஸ்ஸென்றான், தும்மினான்; அரங்கம் சிரித்தது. புஷ்பம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வலது பக்கம் போனாள். போனவள் திரும்பி வந்து டீச்சரைப் பார்த்தாள்.

பக்கத் திரைக்குப் பின்னால் வழியே இல்லை. பலகையில் துணி ஒட்டி வர்ணம் அடித்த ஓர் அரண்மனையைக் கொண்டு வந்து அடைத்து வைத்திருந்தார்கள். அடுத்த பள்ளியின் தர்பார் காட்சி. இனாயத் பாய் டீச்சரின் வாயை விட்டுவிட்டுக் கையை நம்பியிருந்தார். நியாயமான மனிதர் யாரும் அதைத்தான் செய்வார்.

மேடையில் பதினைந்து பேர் சரியாக இருந்தார்கள். ஒருவர் வெளியே போக முடியாது. அதனால் ஒருவர் உள்ளே வர முடியாது. இடது பக்கத் திரைக்குப் பின்னால் இருபத்தெட்டுக் குடங்கள் வழியை அடைத்துக்கொண்டு காத்திருந்தன. நடுவர்கள் மூவரும் பென்சிலால் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. டப்பாவை நிறுத்தவும் பயம், தட்டவும் பயம். வரிசை நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. எல்லாக் கண்ணும் டீச்சர் மேல்.

டீச்சர் எழுந்து நின்றார். அத்தனை வருடத்தில் அவர் தலை சபைக்குத் தெரிந்தது அன்றுதான். பரிசு வாங்க ஏறும் படி மேடையின் முன்னால் நடுவில் இருந்தது. அதைக் காட்டிப் புஷ்பத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார். புஷ்பம் இறங்கினாள். டீச்சர் நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த நடைபாதையில் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டியபடி, கையும் காலும் இடம் வலம் மாற்றிப் போட்டு, வாசல் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பாராமல். புஷ்பம் இடுப்பில் குடத்தோடு அவரைப் பார்த்து ஆடிக்கொண்டே போனாள். நடைபாதையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், “கால மடக்கு தாத்தா, தண்ணி கொட்டிக்கும்” என்றாள். அது நாடகத்தில் இல்லாத வசனம். அரங்கம் அதிர்ந்தது.

போகிற போக்கில் டீச்சர் என்னைப் பார்த்தார். தாம் குந்தியிருந்த இடத்தைக் கண்ணால் காட்டினார். நான் அன்று சலவை வேட்டி கட்டியிருந்தேன். சட்டைப் பையில் இரண்டு பேனா. டப்பாவோடு போய்க் குந்தினேன். மேடையிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தட்டி வழியாகத் தினமும் கேட்ட ஆட்டம், ஒரு அடி விடாமல் எனக்குத் தெரிந்திருந்தது. வலது கையைத் தூக்கினேன். பிள்ளைகள் இடது கையைத் தூக்கினார்கள். எனக்கு மாற்றத் தெரியவில்லை. அன்று தியாகராய நகரில் நாற்பது பிள்ளைகள் இடது கையால் தண்ணீர் பிடித்தார்கள், கணக்கு வாத்தியார் புண்ணியத்தில்.

ஒவ்வொருவராக வந்தார்கள், பிடித்தார்கள், படியிறங்கிச் சபைக்கு நடுவே நடந்து வாசல் வழியே வெயிலுக்குள் போனார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பத்திரண்டு. குழாயாக நின்ற நாகராஜைச் சேர்த்துத்தான். கடைசியாக மீனாட்சி வந்தாள். குடத்தை வைத்தாள். தண்ணீர் நின்றது. என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் கைக்கு வேலை இல்லை. நான் சும்மா இருந்தேன். குடத்தைக் கவிழ்த்து உட்கார்ந்து, “நாளிக்கு நாந்தான் மொதல்ல” என்று கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். வாசலில் நின்ற டீச்சர் அங்கிருந்தே அதைக் கேட்டார். ஒளிப்பானேன், அழுதேன்.

கேடயம் அரண்மனைக்குத்தான் போயிற்று. எங்களுக்கு ஐந்து நிமிடம் கூடிவிட்டதாம். பஞ்சாட்சரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இனாயத் பாய் வந்து, “நீங்க கை காட்டின பக்கம்தானேம்மா திறந்து வெச்சேன்?” என்று கலங்கினார். “உங்க மேல தப்பு இல்ல பாய். இந்தக் கை எனுக்கே அடங்காது” என்றார் டீச்சர். திரும்பி வரும் வழியில், ஒரு மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுத் தாளை எடுத்துச் சிவப்பு மையில் டிக் போட்டார். நாற்பத்து மூன்றாவது டிக்கை மட்டும் மற்றதைவிடப் பெரிதாகப் போட்டார். மறுவாரம் தட்டிக்கு அப்பால் அவர் ஏதோ கேள்வி கேட்டபோது நான் இடுக்கில் பார்த்தேன். மீனாட்சியின் கை மேலே இருந்தது.

நான் ஓய்வு பெற்று, மகனோடு அடையாறுக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. தட்டி இருந்த இடத்தில் இப்போது செங்கல் சுவர் எழுப்பிவிட்டார்களாம். ஐந்தாம் வகுப்புக்கு ஒன்றும் கேட்காதாம். பாவம் அந்தப் பிள்ளைகள். போன மாதம் ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எனக்கு நேர் முன்னால், மேடைக்குக் கீழே, பாஞ்சாலி டீச்சர். முடி பாதி நரைத்திருந்தது. முழங்கால் வலியாம், குந்த முடியவில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதே சாக்பீஸ் டப்பா, அதே ஸ்கேல். தாளைப் பிரித்து ஒரு முறை பார்த்து மடித்து வைத்தார்.

திரை அசைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்திருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“இன்னா சார் நாற்காலி? இப்டி என் வலது பக்கமா வந்து குந்துங்க” என்று சொல்லி, இடது கையால் இடது பக்கத்துத் தரையை இரண்டு தட்டுத் தட்டினார்.